பொதிக்குப் பக்கத்தில் யார் நிற்பது?

ஆனைமலை,
தாது வருஷம், ஆடி மாதம்.

வெள்ளகோவில் சம்பந்தி சென்னியப்பன் அவர்கள் சமூகத்துக்குக் கந்தப்பன் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இவ்விடம் இந்த நிமிஷம் வரைக்கும் யாவரும் க்ஷேமமாக, உயிரோடு இருக்கிறோம். சம்பந்தியம்மாளின் முட்டுவலி தேவலையா?

ஆடி விருந்துக்கு வந்திருக்கும் உங்கள் மகன் தம்பிதுரையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மாப்பிள்ளை தங்கம். ஆனால் தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று உடனே ஒரு தந்தி கொடுத்து அவரை அழைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வாரம் என்னைச் சுட்டுவிடுவார்.

ஓடைக்கு அக்கரையில் ஒரு சிறுத்தை வந்து கன்றுகளைத் தூக்கிக்கொண்டு போகிறது. கிட்டப் போனால் ஓடிவிடும், முந்நூறு கஜத்திலிருந்துதான் சுட வேண்டும். என் ரைபிளை எடுத்துச் சுடுங்கள் மாப்பிள்ளை என்று நான்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். பௌதிகம் படித்தவர் சும்மா சுடுவாரா? குண்டு போகப் போகக் காற்று அதன் வேகத்தைத் தின்னுமாம், எந்தக் குண்டை எவ்வளவு தின்னும் என்பதற்கு ஒரு எண் உண்டாம், அது தெரிந்தால்தான் எவ்வளவு மேலே குறிவைப்பது என்று தெரியுமாம். அதற்காக என் கிடங்கிலிருந்து ஒரு பஞ்சுப் பொதியைத் தூக்கிப் புளியமரத்தில் கட்டித் தொங்கவிட்டார். கிட்டேயிருந்து ஒரு குண்டு, இருநூறு கஜத்திலிருந்து ஒரு குண்டு. பொதி ஆடுகிற ஆட்டத்தை வைத்து வேகத்தைக் கண்டுபிடித்துவிடலாமாம். ஆடுவதோ நாலைந்து விரற்கடைதான். பக்கத்தில் ஒருவர் நின்று, எதுவரை ஆடியது என்று சுண்ணாம்புக் கோடு போட வேண்டும்.

பண்ணையத்து ஆட்கள் எல்லோருக்கும் அன்றைக்கென்று பார்த்து வயிற்றுவலி. எனக்கும் வலிக்கத்தான் செய்தது. அதற்குள் என் மகள் பாவாத்தாள், “நீங்க இருங்கப்பா, நான் நிக்கிறனுங்க” என்று முந்தானையைச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பெற்றவன் மனது கேட்குமா? சுண்ணாம்பைப் பிடுங்கிக்கொண்டு நானே போய் நின்றேன்.

நம் ஊர் ஆடிக் காற்று உங்களுக்குத் தெரியாததா! அது அடிக்கும்வரை பொதி தானாக ஆடும், ஆகவே காற்று நின்றால்தான் மாப்பிள்ளை சுடுவார். மாசாணியாத்தா, காத்து மட்டும் நிக்கக்கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டு வேண்டுகிறேன், நின்றுவிட்டது. புளிய இலை ஒன்றுகூட அசையவில்லை. அந்த அமைதி விரோதிக்கும் வரக்கூடாது சம்பந்தி. கிட்டேயிருந்து டுமீல் என்றது, பிறகு தூரத்திலிருந்து இன்னொரு டுமீல். தலைப்பாகையைத் தொட்டுப் பார்த்தேன், இருந்தது, தலையும் இருந்தது. தலை இருந்த சந்தோஷத்தில் கோட்டை எங்கே இழுத்தேனோ, கிட்டத்துக் குண்டைவிடத் தூரத்துக் குண்டுக்குத்தான் வேகம் அதிகம் என்று கணக்கு வந்துவிட்டது. போகப் போக வேகம் கூடுகிற குண்டு உலகத்திலேயே கிடையாதாம். “தப்பா வந்துபோச்சுங்க மாமா. அடுத்த வாரம் மறுக்கா ஒருவாட்டி நிக்கோணுங்க” என்கிறார், துளிக் கோபமில்லாமல். எனக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை. பயமாக இருக்கிறது சம்பந்தி.

சம்பந்தியம்மாளுக்கு என் நமஸ்காரம், வீட்டுக் குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். மாசாணியம்மன் உங்கள் குடும்பத்தையும், முடிந்தால் என்னையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
கந்தப்பன்

பின்குறிப்பு: தந்தி வேண்டாம். தபாலில் போடச் சொல்லிக் கொடுத்த இந்தக் கடிதத்தைப் பாவாத்தாள் படித்துவிட்டாள். நேரே புருஷனிடம் போய், “ஏனுங்க, கணக்குத் தெரிஞ்சவிங்கதான் பொதிகிட்ட நிக்கோணும். துப்பாக்கிய இப்படிக் குடுங்க, நான் சுடறனுங்க” என்று வாங்கி வைத்துக்கொண்டாள். இதுவரை அவள் துப்பாக்கியைத் தொட்டதில்லை. அதிலிருந்து மாப்பிள்ளை, அம்மாவின் முட்டுவலி எப்படியிருக்கிறதோ, ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று அனத்துகிறார். அவர் என்ன எழுதினாலும் தந்தி மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அடுத்த வாரம் காற்று நிற்க வேண்டுமென்று ஆத்தாளிடம் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.