சரளாவுக்கு இறந்தகாலம் கற்பித்தேன்

என் மனைவி சரளா இங்கிலீஷ் கற்றுக்கொள்ளவே கூடாது என்று முடிவெடுத்தேன். அதனால் நானே சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன்!

எங்கள் ஈப்போ நகரில் ஒரு ஹோட்டல். ரிசப்ஷனில் வேலை. திங்கட்கிழமை இண்டர்வியூ. சரளா துள்ளிக்கொண்டிருந்தாள். தமிழில் அவள் ஒரு கேள்வி கேட்டாலே எனக்கு வேர்க்கும். மலாயில் கேட்டால் தலை சுற்றும். இங்கிலீஷிலும் சரளா சரளமாகிவிட்டால் நான் எந்த மொழியில் போய் ஒளிவது?

"கோ-வுக்கு இறந்தகாலம் சொல்லு."

"வெண்ட் தானேங்க?"

"வெந்தா அது சோறு! மனுசன் போனா கோட். கோ, கோட், கோட்."

"அப்ப ஈட்?"

"ஈட், ஈட்டட், ஈட்டட்."

"அடேங்கப்பா! சுலபமா இருக்குலா!"

சத்தம்போட்டுப் படித்தாள். படிப்பு கெட்டுவிடக்கூடாதே என்று பாத்திரத்தை நான் கழுவினேன். துணியை நான் காயப்போட்டேன். அவள் தப்புத்தப்பாய் ஒப்பிக்க ஒப்பிக்க எனக்கு ஒரே குஷி!

சனிக்கிழமை, நான் வேலை பார்க்கும் டயர் கடையில் சீன முதலாளி கேட்டார்: "சுகு, ஈட் ஆல்ரெடி?"

"எஸ் பாஸ்! ஐ ஈட்டட்!"

கடையே சிரித்தது. ஒரு லாரி டிரைவர் சிரித்த சிரிப்பில் அவர் வாயிலிருந்த காப்பி என் சட்டைக்கு வந்தது. போகட்டும், எனக்கே ஒட்டிக்கொண்டது என்றால் அவளுக்கு எவ்வளவு ஆழமாய் இறங்கியிருக்கும்!

திங்கள் மாலை சரளா வந்தாள். முகமெல்லாம் பல்.

"வேலை கிடைச்சிருச்சு!"

"எ... என்னலா கேட்டாங்க?"

"சமாளிக்க முடியாத ஆளு யாரையாச்சும் சமாளிச்சிருக்கியான்னு கேட்டாங்க. உங்களைப் பத்திச் சொன்னேன்."

"என்னைப் பத்தியா? என்னான்னு?"

சரளா நிமிர்ந்து நின்றாள். "மை ஹஸ்பண்ட் டாட் மீ ராங் வெர்ப்ஸ். ஐ காட் ஹிம். பட் ஐ கெப்ட் கொயட்!"

டீச், டாட்! கேட்ச், காட்! கீப், கெப்ட்! ஒன்றில்கூடப் பிழை இல்லை. நான் நாற்காலியைத் தேடினேன்.

"மேனேஜர் கண்ணுல தண்ணி வர சிரிச்சாரு. அங்கேயே எடுத்துக்கிட்டாரு."

"உனக்கு யாரு...?"

"பக்கத்து வீட்டு விவியன் அக்கா டியூஷன் டீச்சர்தானே? முதல் நாளே போய்க் கேட்டேன்."

"அப்ப ஏன் வீட்டுல தப்பாவே படிச்சே?"

"நான் படிச்சாத்தானே நீங்க பாத்திரம் கழுவுறீங்க?"

அவள் கைப்பையை மாட்டிவிட்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு நான் டீச்சர். குக்-குக்கு இறந்தகாலம் சொல்லுங்க."

"குக்... குக்ட்... குக்ட்."

"கரெக்ட்! இது ரெகுலர் வெர்ப். நாளையிலேருந்து எனக்கு சாயங்கால ஷிப்ட், அடுப்படியில நீங்க ரெகுலர்!"