ஆறு நாற்காலியும் ஏழாவது பாட்டிலும்

விருந்தாளி தன் வீட்டைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே அவரை மனசுக்குள் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிடுகிற இனம் ஒன்று மனிதர்களில் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாம் வாசலைத் தாண்டியதும் "வாங்க" என்பதற்குப் பதிலாக "அங்க இல்லீங்க, இங்க" என்பார்கள். சோபாவில் உட்கார்ந்தால் மேசைக்கு அழைப்பார்கள். மேசையில் உட்கார்ந்தால் வேறு நாற்காலிக்கு மாற்றுவார்கள். மாறி உட்கார்ந்த பிறகு இரண்டடி பின்னால் போய், சுவரில் படம் நேராக மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பதுபோல நம்மைப் பார்ப்பார்கள். பசியா? அது அப்புறம்.

இந்த இனத்திலிருந்து ஒருவரை எடுத்துக்கொள்வோம். இருக்கையார் என்று கூப்பிடலாம். கேட்டால் அவரே சந்தோஷப்படுவார்.

இருக்கையார் பிறக்கும்போதே இப்படி இல்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரி அவர். அவர் வளர்ந்த வீட்டில் தட்டு எங்கே வைக்கப்பட்டதோ அதுதான் இருக்கை. வேலையில் சேர்ந்த புதிதில் கம்பெனி விருந்துக்குப் போனவர், காலியாக இருந்த ஒரு நாற்காலியில், அது காலியாக இருந்தது என்ற ஒரே காரணத்துக்காக உட்கார்ந்துவிட்டார். ரொட்டியைக் கடித்த நேரத்தில் பரிமாறுபவர் காதருகே குனிந்து, "சார், இது சேர்மன் சீட்டு" என்றார். எழுந்திருக்க வேண்டும், சரி. தட்டை விட்டுவிட்டுப் போவதா, கையோடு எடுத்துக்கொண்டு போவதா? படித்த எந்தப் புத்தகத்திலும் இது இல்லை. எடுத்துக்கொண்டார். கடித்த ரொட்டியோடு அந்தக் கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்தார். இதை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

அன்றிலிருந்து ஒரே படிப்புதான். முள்கரண்டி இடப்பக்கம், கத்தி வலப்பக்கம், கத்தியின் கூர் தட்டைப் பார்த்து, தண்ணீர் டம்ளர் கத்தி நுனிக்கு மேலே, தட்டுக்கும் மேசை விளிம்புக்கும் நடுவில் கட்டைவிரல் அகலம், முக்கிய விருந்தாளி வீட்டுக்காரரின் வலப்பக்கம், அவருக்கு அடுத்தவர் இடப்பக்கம். கல்லூரியில் வாங்கிய ஸ்கேல் கடைசியில் இதற்குத்தான் உதவியது.

இப்போது அவருக்கு ஒரு பெரிய காரியம் வந்திருந்தது. அலுவலகக் கூட்ட அறையில் நீளமான மேசை ஒன்று உண்டு. பிரிவுத் தலைவர்கள் அதைச் சுற்றி உட்காருவார்கள். மற்றவர்கள் சுவரோரமாக, மடியில் லேப்டாப்போடு. இருக்கையார் சுவரோரம். கையை நீட்டினால் மேசையைத் தொட்டுவிடலாம். அந்த மேசையில் ஓர் இடம் காலியாகப் போகிறது, யாரை உட்கார வைப்பது என்பது மேனேஜரம்மா கையில் இருக்கிறது. ஆகவே, மேனேஜரம்மாவுக்கும் அவருடைய கணவருக்கும் வீட்டில் விருந்து. கனத்துக்கு மாமனார், மாமியார். மாமனார் ஓய்வுபெற்ற அதிகாரி. சும்மா உட்கார்ந்திருந்தாலே கூட்டம் நடப்பதுபோல இருக்கும்.

முந்தின நாள் ஒத்திகை. ஆறு நாற்காலிக்கும் முன்னால் ஆறு தண்ணீர் பாட்டில்கள்.

"என்னங்க, இது யாரு?" என்றாள் மனைவி.

"உங்க அப்பா."

"எங்க அப்பாவ ஏன் பாதி காலியா வச்சிருக்கீங்க?"

இருக்கையார் மாமனாரை நிரப்பிக்கொண்டு வந்தார். அதற்குள் அவள் எண்ணி முடித்திருந்தாள்.

"மாமாவ காணோமே. உங்க அப்பாவத்தான் சொல்றேன்."

அப்பா சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி கேன்டீனில் ஆயுசு முழுக்கச் சமைத்தவர். விருந்துச் சமையலும் அவர்தான். எல்லாரும் சாப்பிட்ட பிறகு அடுப்பு மேடையில் சாய்ந்தபடி நின்றே சாப்பிடுவது அவர் பழக்கம்.

"அவருக்கு நின்னு சாப்பிட்டாத்தான் இறங்கும்."

"நீங்க கேட்டீங்களா?"

"தெரியாதா எனக்கு?"

"ஸ்டூல் ஒண்ணு இருக்குல்ல?"

"ஸ்டூலா? இந்த டேபிளுக்கா?" அவர் முகத்தைப் பார்த்தால், மாமனாரைத் தரையில் உட்காரச் சொன்னதுபோல இருந்தது.

மறுநாள் மாலை வாசல் மணி அடித்தது. இருக்கையார் கதவைத் திறந்தார். மேனேஜரம்மா தனியாக நின்றார். கணவருக்குச் சளியாம்.

சளி! முள்கரண்டி படித்தவருக்குச் சளி எந்தப் பக்கம் வரும் என்று யார் சொன்னார்கள்? மேனேஜரம்மாவுக்கு நேர் எதிரே, மடித்த துணியும் நிரம்பிய டம்ளருமாக, ஓட்டைப்பல் மாதிரி ஒரு காலி நாற்காலி. மேசை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதுபோல அவருக்குத் தோன்றியது. "ஒரு நிமிஷம் மேடம்" என்று உள்ளே ஓடினார்.

"அப்பா, சட்டைய மாத்திட்டு வாங்க. நீங்களும் உக்காருங்க."

அப்பா சூப்பை ஊற்றிக்கொண்டிருந்தார். "யாருடா வரல?"

"மேடம் வீட்டுக்காரர்."

"ஓகோ. ஒருவேளை வந்துட்டாருன்னா?"

"வரமாட்டாருப்பா. சளி."

"இல்லடா, ஒரு பேச்சுக்குக் கேக்குறேன்." அப்பா கரண்டியை வைத்தார். அவர் குரலில் கோபம் இல்லை. உப்பு போதுமா என்று கேட்பதுபோலத்தான் கேட்டார். "வந்துட்டா நான் எந்திரிக்கணும்ல? தட்ட எடுத்துக்கணுமா, அங்கேயே விட்டுட்டு வரணுமா?"

இருக்கையாரிடம் எல்லாக் கேள்விக்கும் பதில் உண்டு. சூப்புக் கரண்டியை எந்தக் கையில் பிடிப்பது, துணியை எப்போது விரிப்பது, இருமல் வந்தால் எந்தப் பக்கம் திரும்புவது, எல்லாம் தெரியும். மேடையிலிருந்த சூப்புக் கிண்ணத்தை எடுத்தார். திரும்ப அங்கேயே வைத்தார்.

"போடா, சூப்பு ஆறுது" என்றார் அப்பா.

விருந்து நன்றாகவே நடந்தது. கத்திகள் தட்டைப் பார்த்தன. மேனேஜரம்மா இரண்டு தடவை சூப்புக் கேட்டு வாங்கிக் குடித்தார். மேசையா, சுவரோரமா என்பது அடுத்த மாதம்தான் தெரியும். அந்தக் காலி நாற்காலியைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. இருக்கையார் மட்டும் அடிக்கடி அதைப் பார்த்தார். பார்க்கும்போதெல்லாம் தன் தட்டை இரு கையாலும் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை, வீட்டில் யாரும் எழுந்திருப்பதற்கு முன்னால், பாட்டில்களை மறுபடி மேசையில் வைத்தார். இந்தத் தடவை ஏழு. ஏழாவதை மேசையின் தலைப்பக்கம் வைத்தார், மாமனார் இடித்தார். மேனேஜரம்மாவுக்கு எதிர்ப்பக்கம் வைத்தார், கணவர் இடித்தார். ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டுப் பார்த்து, திரும்ப எடுத்துப் போய் வைத்தார். பாட்டிலைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

அப்பா வந்தார். அந்தப் பாட்டிலை வாங்கி, மூடியைத் திறந்து, நின்றபடியே பாதி குடித்துவிட்டு, "இதுக்கு எதுக்குடா இவ்ளோ யோசிக்கிற?" என்று திருப்பிக் கொடுத்தார்.

சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டியதுதான். ஆனால் ஒன்று சொல்லுங்கள். 'மாமனாரை மூலைக்குத் தள்ளியிருந்தால் அப்பாவுக்கு இடம் கிடைத்திருக்குமே' என்று நடுவில் எங்கேயோ மனசுக்குள் ஒரு நாற்காலியை நகர்த்திப் பார்த்தீர்களா, இல்லையா?

நகர்த்தினீர்களா? வாங்க, வாங்க. அங்க இல்லீங்க, இங்க.