ஒன்பது ஜோடி செருப்பு

பொறாமைப்படுகிறவன் கணக்கில் புலியாகிவிடுவான் என்பது என் சொந்த அனுபவம்.

மயிலாடுதுறையில் எங்கள் தெருவில் விபத்து நஷ்டஈட்டு வழக்கு நடத்தும் வக்கீல்கள் இரண்டு பேர். நானும், எதிர்வரிசையில் நஜீரும். ஒரே சீனியரிடம் தொழில் பழகினோம். அவன் நாகூர்க்காரன், குடைக்கடைக்காரர் மகன், எனக்கு மூன்று வயது இளையவன். அவன் பேசினால் எலும்பு முறிந்தவருக்குப் பாதி வலி போய்விடும். நான் பேசினால் இன்னொரு எலும்பும் வலிக்கும் (என் மனைவியின் கருத்து). தினமும் காலையில் என் ஜன்னலில் நின்று அவன் வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணுவேன். அவனுக்குப் பன்னிரண்டு ஜோடி என்றால் எனக்கு மூன்று. அதிலும் ஒன்று என் குமாஸ்தாவுடையது.

ஒரு தை மாதம், குத்தாலம் பக்கம் பஸ் மோதிக் காலொடிந்த விவசாயி ஒருவர் வக்கீல் தேடுவதாகக் காதில் விழுந்தது. நஜீரை முந்த வேண்டும் என்று குமாஸ்தாவின் மொபெட்டைப் பிடுங்கிக்கொண்டு பறந்தேன் (மணிக்கு முப்பது கிலோமீட்டர்). அறுவடைச் சமயம். பாதி ரோட்டில் நெல்லைக் காயப்போட்டு, ஓரத்தில் கல் வைத்திருந்தார்கள். விவசாயி வீடு தெரிந்தது. வாசலில் வரிசையாகச் செருப்புகள், நடுவில் நஜீரின் பளபளக்கும் கறுப்பு ஷூ. வயிறு எரிந்தது. எண்ண ஆரம்பித்தேன். எண்ணி முடிப்பதற்கும் சக்கரம் நெல்லில் ஏறி வழுக்குவதற்கும் சரியாக இருந்தது. ஹாரன் அடிக்காமல் பின்னோக்கி வந்த டிராக்டர் என் வலது காலை இரண்டு இடத்தில் முறித்தது.

ஓடிவந்த விவசாயியின் மனைவி முதலில் நெல்லைப் பார்த்தார், அப்புறம்தான் என்னை. "நீங்களும் கேஸ் கேக்க வந்த வக்கீலுங்களா?" என்றார். நஜீர்தான் என்னைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினான்.

டிராக்டருக்கு இன்சூரன்ஸ் இருந்தது. வழக்குப் போடலாம். யாரிடம் கொடுப்பது? ஊரில் கெட்டிக்காரன் யார் என்பது என்னைவிடத் துல்லியமாக யாருக்குத் தெரியும்? ஊன்றுகோலோடு தெருவைக் கடந்தேன். அன்று நஜீர் வாசலில் பதினான்கு ஜோடியும் ஓர் ஒற்றைச் செருப்பும் கிடந்தன. மற்றக் காலில் மாவுக்கட்டு போட்டவன் ஒற்றையைத்தானே கழற்ற முடியும்?

நான் ரோட்டைப் பார்க்காமல் ஓட்டியதாக நிரூபித்துவிட்டால் நஷ்டஈட்டில் பாதி போய்விடும். கூண்டில் ஏறும் முன் நஜீர் கெஞ்சினான்.

"அண்ணே, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கணக்கு எதுவும் சொல்லாதீங்க."

ரோட்டைப் பார்த்துத்தான் ஓட்டினேன் என்று கம்பீரமாகச் சாட்சி சொன்னேன். இன்சூரன்ஸ் தரப்பு வக்கீலம்மா எங்கள் தெருவில் குடியிருப்பவர். காலையில் நான் ஜன்னலில் நிற்பதை எத்தனையோ தடவை பார்த்தவர். மெதுவாக எழுந்து ஒரே கேள்விதான் கேட்டார்.

"அன்னைக்கு அந்த வீட்டு வாசல்ல ஏழு ஜோடி செருப்பு கிடந்துச்சு. சரிதானுங்களே?"

"ஏழு இல்லீங்க, ஒன்பது. ஷூவையும் சேத்து."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். நஜீர் வழக்குக் கட்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

பாதி போயிற்று. மீதிப் பாதியை நஜீர் போராடி வாங்கிக் கொடுத்தான். நானே நடத்தியிருந்தால் அதுவும் போயிருக்கும் என்று என் மனைவி வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். அவள் சொல்வது சரி என்பதுதான் எரிச்சல்.

இப்போதும் கல்யாண மண்டப வாசலில் செருப்பைக் கழற்றும்போது என் மாப்பிள்ளை பவ்யமாகக் குனிந்து, "மாமா, மொத்தம் எத்தனைங்க?" என்று கேட்பார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் அதற்குள் எண்ணி முடித்திருப்பேன்.