இருபத்தேழாம் எஞ்சின் காணாமல்போன பதினொரு வாரங்கள்

எஞ்சின் சரித்திரக்காரர் என்றொரு இனம் உண்டு. யார்க்‌ஷயரில் மழை பெய்கிற ஞாயிற்றுக்கிழமைகளில், அதாவது எல்லா ஞாயிற்றுக்கிழமைகளிலும், பழைய ரயில் நிலையமொன்றின் நடைமேடையில் இந்த இனத்தைப் பார்க்கலாம். தோளில் பை, பையில் பிளாஸ்க், பிளாஸ்க்குக்குப் பக்கத்தில் நசுங்கிய சீஸ் சாண்ட்விச், சட்டைப்பையில் மூன்று பென்சில். எஞ்சின் ஓட்டத் தெரியாது. பழுது பார்க்கவும் தெரியாது. ஆனால் எந்த எஞ்சின் எந்தத் தேதியில் எந்தக் கொட்டகையில் நின்றது, அதன் கொதிகலனை எப்போது கழற்றி எதற்கு மாட்டினார்கள் என்பதெல்லாம் அத்துப்படி. தெரிந்ததோடு விடுவார்களா? கேட்காதவருக்கும் சொல்வார்கள்.

அடுத்தவரைக் கேலி செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எங்கள் சங்கத்தில் நூற்று நாற்பது பேர். நானும் அதில் ஒருவன். என்னிடம் நான்கு பென்சில் இருக்கின்றன.

எங்களில் பெரிய கை நெவில் கிராப்ட்ரீ. மேட்டில் நிலக்கரி வண்டிகளை இழுப்பதற்கென்றே கட்டிய கனரக நீராவி எஞ்சின் வகை ஒன்று, மொத்தம் முப்பத்தாறு. முப்பத்தைந்தைப் பழைய இரும்புக்கு உடைத்துவிட்டார்கள். மிஞ்சிய இருபத்தேழாம் எண் எங்கள் கொட்டகையில் நிற்கிறது. இந்த முப்பத்தாறின் சரித்திரத்தை நெவில் இருபத்திரண்டு வருடமாக எழுதிவந்தார். இரண்டு பாகம் வந்தாயிற்று. மூன்றாவது ஒரே ஒரு பக்கத்தால் நின்றுபோனது. 1961 மார்ச் 13 அன்று வேலைக்குப் போய்த் திரும்பிய இருபத்தேழு, மே கடைசியில்தான் மறுபடி வெளியே வந்தது. நடுவில் பதினொரு வாரம் எங்கே இருந்தது? எந்தப் பதிவேட்டிலும் இல்லை. சாப்பாட்டு மேசையில், மாமியாரின் இறுதிச்சடங்கில், பல் பிடுங்கப் போன இடத்தில், எங்கும் நெவிலுக்கு அதே கவலைதான். அதை அறியாமலே செத்துப்போய்விடுவோமோ என்று உண்மையிலேயே பயந்தார்.

சென்ற ஆண்டு எர்னி ஹோல்ராய்டு அகப்பட்டார். வயது எண்பத்தாறு. அந்த மார்ச்சில் இருபத்தேழில் கரி அள்ளிப்போட்டவர். அன்றைய ஆட்களில் உயிரோடு இருப்பவர் அவர் ஒருவரே. நெவில் அவரை அழைத்துவந்து, நிலையத்து டீக்கடையில் உட்காரவைத்தார். கடையை நடத்துவது நெவிலின் மனைவி பெரில். நானும் பக்கத்து மேசையில் பென்சிலோடு தயாராக இருந்தேன்.

"அன்னிக்கு செம மழை தம்பி," என்று எர்னி ஆரம்பித்தார். "நாப்பது வண்டி கரியோட மேடு ஏறினோம்."

"முப்பத்தெட்டு," என்றார் நெவில். "அந்த மேட்டுல அதுக்கு மேல அனுமதி கிடையாது."

"சரி, முப்பத்தெட்டு. செவ்வாக்கெழம அது."

"பதிமூணாம் தேதி திங்கள்."

எர்னி டீயைக் கலக்கினார். கொஞ்ச நேரம் கலக்கிக்கொண்டே இருந்தார். "கொட்டகைக்குள்ள வந்ததும் ஃபோர்மேன் ஹார்கர் ஓடி வந்தாரு. கதவைச் சாத்துடா, யாரும் பாக்கக் கூடாதுன்னாரு."

எனக்கு மூச்சே நின்றது. நெவிலுக்கு நிற்கவில்லை. "ஹார்கர் மே மாசம்தான் அங்க மாறி வந்தார். மார்ச்ல இருந்தவர் வேற."

"அப்படியா? சொன்னது யாரோ, சாத்தினவன் நான்." எர்னி கரண்டியைக் கீழே வைத்தார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் தம்பி. நான் அங்க இருந்தவன்தானே, படிச்சவன் இல்லையே."

அதற்குமேல் நெவில் எவ்வளவு கெஞ்சியும் அவர் வானிலையைப் பற்றி மட்டுமே பேசினார். பஸ்ஸுக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்ததால் எழுந்து பெரில் நின்றிருந்த டீ மேசையருகே போய் நின்றுகொண்டார். நெவில் வெளியே போய்த் தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றார். நானும் துணைக்குப் போனேன். கண் கலங்கியிருந்தது.

பஸ் போனபிறகு பெரில் கோப்பை கழுவிக்கொண்டே சொன்னாள்: "பாவம், நல்ல மனுஷன். அந்தப் பதினொரு வாரத்துக் கதைய முழுசா சொல்லிட்டுப் போனாரு."

"உன்கிட்டயா? என்ன கேட்ட?"

"பால் வேணுமான்னு கேட்டேன். அப்புறம் நான் வாயத் திறக்கல."

நெவில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெரில் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டாள். "சொல்றேன். நடுவுல பேசினா நிறுத்திடுவேன். கல்யாணமாகி நாப்பத்தோரு வருஷத்துல நான் ஒரு கதையாவது முடிச்சிருக்கேனா, நெவில்?"

அவர் இரண்டு உதடுகளையும் விரலால் பிடித்துக்கொண்டார். பிடித்த பிடியில் விரல் வெளுத்தது.

"கதவைச் சாத்தினதும், அந்தப் பச்சை எஞ்சின..."

"கறுப்பு," என்றார் நெவில்.

பெரில் அடுத்த கோப்பையை எடுத்தாள்.

மூன்றாம் பாகம் வந்துவிட்டது. பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டில் 'விவரம் கிடைக்கவில்லை' என்று போட்டிருக்கிறார். எனக்குத் தெரிந்து சங்கத்தில் ஒன்பது பேர் பெரிலிடம் அந்தக் கதையைக் கேட்கப் போய்த் தோற்றுத் திரும்பியிருக்கிறார்கள். நான் நான்கு நிமிடம் தாக்குப்பிடித்தேன். பிறகு அவள் நீர்த்தொட்டியின் கொள்ளளவைத் தப்பாகச் சொன்னாள். மனிதன் எவ்வளவுதான் பொறுப்பான்?

நீங்கள் வேண்டுமானால் வந்து பாருங்கள். பெரில் யாருக்கும் சொல்லத் தயார். ஆனால் குறுக்கே பேசாமல் கேட்கிற ஆள்தான் என்று உங்களைப் பற்றி நீங்களாக முடிவுகட்டிவிடாதீர்கள். கிளம்புமுன் உங்கள் வீட்டில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் பதில் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்தால், அப்போது டிக்கெட் வாங்கலாம்.