வீடு பார்க்க வந்த ஓவர்சியர் மாமா

வீடு வாங்குகிறவனின் லட்சணம், வீட்டைச் சோதித்துப் பார்க்க யாரைக் கூட்டிப் போகிறான் என்பதில் தெரிந்துவிடும். என் லட்சணம் மன்னார்குடிக்கே தெரிந்தது.

அப்போது நான் பள்ளிக்கூட வாத்தியார், வாடகை வீட்டில் இருந்தோம். சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் வீட்டுக்காரம்மாவிடம் என் மனைவி செல்வி உத்தரவு கேட்க வேண்டும். அப்படி இருக்கையில்தான் மெயின் ரோட்டில் கலியபெருமாள் தன்னுடைய காலி வீட்டை விற்கப் போவதாகச் செய்தி வந்தது. கலியபெருமாள் கட்சிக்காரர், விவசாயிகள் சங்கத் தலைவர். வீட்டைப் பார்த்துவிட்டு வந்த செல்வி அன்று சரியாகச் சாப்பிடவே இல்லை. அவ்வளவு ஆசை.

"என்னங்க, பக்கத்துத் தெரு இன்ஜினியரைக் கூட்டிட்டுப் போய் ஒரு தடவை காட்டிடுங்க" என்றாள்.

அந்த இன்ஜினியர் ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் கணக்கில் ஃபெயிலானவன். அவன் வந்து எனக்குச் சுவர் பலம் சொல்வதா? (கௌரவம் என்று அப்போது நினைத்தேன். கொழுப்பு என்பது பிற்பாடுதான் தெரிந்தது.) என் ஒன்றுவிட்ட மாமாவைக் கூப்பிட்டேன். வாய்க்கால் ஓவர்சியராக இருந்து ரிட்டயர் ஆனவர். வாழ்நாளில் மதகு, மடை, கரை தவிர எதையும் சோதித்ததில்லை.

சுவரைத் தட்டிப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லித்தான் கலியபெருமாளிடம் சாவி வாங்கினேன். மாமா சுவர் பக்கமே திரும்பவில்லை. நேரே மாடிக்குப் போனார்.

"மாப்ளே, தண்ணியை நிறுத்திப் பார்த்தாதான் எதுவும் தெரியும்."

மழைத்தண்ணீர் இறங்குவதற்குக் கொல்லைப் பக்கம் ஒரு தூம்பு, தெருப் பக்கம் ஒரு தூம்பு. இரண்டையும் வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைத்தார். படிவாசலில் வரப்பு கட்டினார். கிணற்று மோட்டாரைப் போட்டார். சாயங்காலம் பார்த்தால் மொட்டை மாடி நடவுக்குத் தயாராக இருந்தது. "காலைல வந்து பார்ப்போம்" என்று கிளம்பிவிட்டார்.

அது மேட்டூர் திறக்காத வருஷம். வாய்க்காலில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை நாங்கள் மாடியில் நிற்கும்போது தெருமுனையில் கோஷம் கேட்டது. தண்ணீர் கேட்டு விவசாயிகள் ஊர்வலம். முன்னால் சலவை வேட்டியில் கலியபெருமாள்! ஊரே தண்ணீருக்கு அலையும்போது அவர் வீட்டு மாடியில் குளம் வெட்டியிருக்கிறோமே! சத்தமில்லாமல் கொல்லைப் பக்கம் வடித்துவிடலாம் என்று ஓடினேன்.

"ஆர்டர் இல்லாம மதகைத் திறக்காதே மாப்ளே!" என்று மாமா அலறினார்.

ஊர்வலம் சரியாக வீட்டு வாசலுக்கு வந்திருந்தது. "திறந்து விடு, திறந்து விடு! தண்ணீரைத் திறந்து விடு!"

திறந்து விட்டேன். பதற்றத்தில் நான் பிடுங்கியது தெருப் பக்கத்துத் தூம்பு.

தண்ணீர் கேட்டு வந்தவர்களுக்குத் தண்ணீர் கிடைத்தது. முதல் பாசனம் தலைவருக்கு. கோஷம் நின்றுபோய், கூட்டத்தில் ஒருவர் மட்டும் நிதானமாகக் கேட்டார்: "ஏண்ணே, உங்க மாடிக்கு மட்டும் மேட்டூர் திறந்துட்டாங்களா?"

"எவன்டா மேல?" என்றார் கலியபெருமாள், முகத்தைத் துடைத்துக்கொண்டே.

நான் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். மாமா எட்டிப் பார்த்து, தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தார்: "ராத்திரி பூரா நின்ன தண்ணிங்க! கீழே ஒரு சொட்டு கசியலை! கட்டடம்னா இது கட்டடம்!"

ஊர்வலத்தில் ஒரு ரைஸ்மில்காரர் இருந்தார். சொட்டச் சொட்ட உள்ளே போனார், எல்லா அறையிலும் அண்ணாந்து பார்த்தார், சாயங்காலமே அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். "வாத்தியாரே, உமக்கு வீடும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது" என்று கலியபெருமாள் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

செல்வி திட்டுவாள் என்று தயாராகப் போனேன். திட்டவில்லை, அழுதாள். அதற்குத் திட்டியிருக்கலாம்.

பல வருஷம் கழித்து வேறு வீடு வாங்கினோம். பட்ட அவமானத்தில் இன்ஜினியரும் வேண்டாம், மாமாவும் வேண்டாம் என்று நானே பார்த்து முடித்தேன்.

இன்றைக்கும் ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்தால் ரைஸ்மில்காரர் எங்களைக் கண்டதும் ஸ்கூட்டரை நிறுத்திவிடுவார். "வாத்தியாரே, நீங்க பார்த்துக் கொடுத்த வீடு. இன்னிவரைக்கும் கசிவுன்னு ஒண்ணு கிடையாதுங்க!" என்று கும்பிடுவார்.

"எங்க வீட்டையும் இவருதாங்க பார்த்தாரு" என்பாள் செல்வி. "ஹால்ல மூணு குண்டான் வச்சிருக்கோம். வந்து பாருங்க."