பிரிட்ஜுக்குள் மீன்கத்தி

மாப்பிள்ளை எல்லாம் தெரிந்தவர் என்று பெண்வீட்டார் நம்புவதில் பிழையில்லை. மாப்பிள்ளையும் அதை நம்பிவிடும்போதுதான் வீடு நாசமாகிறது.

எழுபதுகளின் நடுப்பகுதி. துறைமுகக் கந்தோரில் எனக்குக் கிளாக்கர் வேலை. எங்கள் பக்கத்து வழக்கப்படி, கலியாணம் முடித்ததும் திருகோணமலையில் மனைவி கமலாவின் வீட்டோடு வந்து சேர்ந்தேன். மாமி என்னோடு நேரே பேசமாட்டார். மாப்பிள்ளையின் முகம் பார்த்துப் பேசுவது மரியாதை இல்லையாம். சாப்பிடக் கூப்பிடுவதென்றாலும் கமலா மூலம்தான். (கமலா வீட்டில் இல்லாத நேரம் நான் பட்டினி.)

அந்த வீட்டில் ஒரு பிரிட்ஜ் இருந்தது. ஊரைவிட்டுப் போன வெள்ளைக்காரத் துரையிடம் மாமா வாங்கியது. மாமா காலமான பிறகு அதில் முக்கியமாகக் குடியிருந்தவை, மாமியின் இன்சுலின் போத்தல்கள். ஐஸ் கூடினால் ஒரு பொத்தானை அழுத்தவேண்டும். மோட்டர் நின்று, ஐஸ் உருகியதும் தானாகத் திரும்ப ஓடும். ஒருநாள் அழுத்தியும் மோட்டர் நிற்கவில்லை. ஐஸ் வளர்ந்து வளர்ந்து போத்தல்களைத் தொடப் பார்த்தது. உறைந்த இன்சுலின் உதவாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். மருந்துக்கும் தட்டுப்பாடான காலம்.

வயரைக் கழற்றிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். நான் இருப்பேனா? குளிரை அளக்கிற மெல்லிய செம்புக் குழாய் ஐசுக்குள் புதைந்துவிட்டது, அதுதான் பழுது என்று கண்டுபிடித்தேன். கமலா சந்தைக்குப் போயிருந்தாள். மீன் வெட்டும் கத்தியை எடுத்து ஐசைக் குத்தத் தொடங்கினேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து மாமியின் குரல் கேட்டது.

“ஏ பூனை! சுடுதண்ணிச் சட்டியை உள்ளுக்கு வைச்சால் அது தன்ரபாட்டில உருகுமே. ஏன் போட்டுக் குத்திறாய்?”

அந்த வீட்டில் பூனையே கிடையாது. இரத்தத்தில் சீனி கூடினால் இப்படித்தான் அலட்டுவார்கள் போலும் என்று பயந்து, இன்னும் வேகமாகக் குத்தினேன்.

“பூனை! அதுக்குள்ள காஸ் பைப் போகுது!”

‘ஸ்ஸ்ஸ்’ என்றது பிரிட்ஜ். உள்ளே இருந்த காஸ் முழுவதும் என் முகத்தில் அடித்துக்கொண்டு வெளியேறியது.

மாமி கதவைத் தாண்டி வந்தார். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

“தம்பி, கையில வெட்டிப்போட்டுதோ?”

“இல்லை மாமி.”

பூனை யாரென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். வெட்கத்தில் அழுகை வந்துவிட்டது.

வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் வராத காலம் அது. அந்தப் பிரிட்ஜுக்கு உதிரிப்பாகம் கொழும்பிலும் கிடைக்கவில்லை. போத்தல்கள் ஈரமணல் பானைக்குக் குடிபோயின. அடுத்த கோடையில் மாமி காலமானார். அதற்கும் பானைக்கும் சம்பந்தமில்லை, சிறுநீரகம் முன்பே பழுது என்றார் டொக்டர். நான் டொக்டரை நம்புகிறேன். நம்பத்தானே வேண்டும்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் எவராவது தெரியாத வேலையில் கை வைத்தால், மற்றவர்கள் “ஏ பூனை!” என்று, இல்லாத பூனையை ஏசுவார்கள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கமலா மட்டும் எழுந்து குசினி அடுப்படிக்குப் போய்விடுவாள்.