மணப்பாட்டில் நான் கட்டிய சேலை

கடலைப் பார்க்காதவன் கடலைப் பற்றிப் பேசக் கூடாது. இருபத்திரண்டு வயதில் நான் பேசினேன். அதுவும் சங்கரன்கோவில் தேரடியில் நின்றுகொண்டு, பத்துப் பேர் கேட்க.

ஐம்பதுகளின் தொடக்கம். தேரடியிலிருந்த ஜவுளிக்கடையில் எனக்கு வேலை. கொல்லத்துக்குச் சேலைப் பொதிகள் போக வேண்டியிருந்தது. முதலாளிக்கு வேண்டிய ஒருவரின் பாய்த்தோணி தூத்துக்குடியிலிருந்து கிளம்புவதாக இருந்தது. "பொதியோட யாருலே போறது?" என்று முதலாளி கேட்டு முடிப்பதற்குள், "நான் போறேன் அண்ணாச்சி. தண்ணியில மெதந்துட்டுப் போறதுதான, அதுல என்ன இருக்கு?" என்றேன். (கல்யாணமான புதிது. புளியங்குடியில் இருக்கும் மாமனார் காதுக்கு இது எட்ட வேண்டும் என்று ஆசை.)

என்ன இருக்கிறது என்பதை முதல் நாளே கடல் காட்டியது. வயிற்றில் இருந்ததெல்லாம் வந்தது. பிறகு இல்லாததும் வந்தது. பொதிகளுக்குப் பின்னால் போர்வைக்குள் சுருண்டு, எங்கள் ஊர்க் கோமதியம்மனை விடாமல் கூப்பிட்டுக்கொண்டே கிடந்தேன்.

மறுநாள் காற்று அடங்கிவிட்டது. தோணி மணப்பாடு என்ற மீனவர் ஊருக்கு எதிரே நங்கூரம் போட்டது. தண்ணீர் பிடிக்கக் கரைக்குப் போன சிறு படகில் நானும் தொற்றிக்கொண்டேன். நாறிப்போயிருந்த வேட்டியை அலசி மணலில் காயப்போட்டுவிட்டு, துண்டோடு ஒரு பனைமர நிழலில் சாய்ந்தேன். ஆடாத தரை! தூங்கிவிட்டேன்.

விழித்தபோது காற்று வந்திருந்தது. தோணிக்கு வேண்டிய காற்றுதான். ஆனால் அது முதலில் என் வேட்டியைக் கொண்டுபோயிருந்தது. நிமிர்ந்து பார்த்தால், தோணி பாய் விரித்துப் போய்க்கொண்டிருக்கிறது! (பொதிக்குப் பின்னால் குவிந்து கிடந்த போர்வையை நான்தான் என்று நினைத்துவிட்டார்களாம்.)

முதலாளியின் சரக்கு போகிறது, கூடவே என் வேலையும் போகிறது. இடுப்புத் துண்டை உருவித் தலைக்கு மேலே வீசி, "ஏ, நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். காற்று அந்தத் துண்டையும் பிடுங்கிக்கொண்டது.

மீன் கூறு வைத்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். மிச்சம் இருந்தது கோவணமும் நானும்தான். மணலில் குத்தவைத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

"ஏ தம்பி, தோணி போனா பிடிச்சிரலாம், மானம் போனா பிடிக்க முடியாது. இந்தாரும், கெட்டிக்கிடும்!"

கூட்டத்திலிருந்து எழுந்து வந்தவர் பெயர் மிக்கேலம்மாள். வேலியில் காய்ந்துகொண்டிருந்த சிவப்புச் சேலையை என் மேல் போட்டார். "வேட்டி ஏதும் இல்லியா அக்கா?" என்று முனகினேன்.

"எங்க வீட்டுக்காரருக்கு இருக்கதே ஒரு வேட்டி. அதையும் அவருதான் கெட்டியிருக்காரு!"

கடற்கரையே சிரித்தது. அந்த வீட்டுக்காரர் அப்போதுதான் கடலிலிருந்து வந்து கஞ்சிக்கு உட்கார்ந்திருந்தார். கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து, கட்டுமரத்தை மறுபடி தண்ணீரில் தள்ளினார். சேலை கட்டிய என்னை நடுவில் உட்காரவைத்துத் துடுப்பு வலித்தார். ஒவ்வொரு அலைக்கும் நான் அவர் முதுகைக் கட்டிப்பிடித்தேன்.

எங்களைப் பார்த்ததும் தோணிக்காரர் பாயைத் தளர்த்தச் சொன்னார். பிறகு பதறிப்போய்க் கத்தினார்: "ஓய் அண்ணாச்சி, பொம்பளய எதுக்கு வே ஏத்திட்டு வாரீரு? இதுல பொம்பள ஏறப்பிடாது!"

"பொம்பள இல்ல வே! உம்ம சரக்குல ஒண்ணு கரையில கெடந்துச்சு, பிடியும்!"

பெட்டியிலிருந்து வேறு வேட்டி எடுத்துக் கட்டிக்கொண்டு, சேலையைக் கட்டுமரத்துக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன். நனைந்து உப்புப் பூத்திருந்தது. அவர் அதை மெதுவாகப் பிழிந்தார். "கோயிலுக்குன்னு அவ வச்சிருக்கது இது ஒண்ணுதான், தம்பி," என்றார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்காகத் துவைத்துப் போட்டதாம். கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஊர் திரும்பி முதலாளியிடம் ஒன்று விடாமல் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு அவரே அலமாரியைத் திறந்து, கடையிலேயே நல்ல சிவப்புச் சேலையாக ஒன்றை எடுத்துத் தந்தார். மனைவியோடு மணப்பாட்டுக்குப் போனேன். மிக்கேலம்மாள் அக்கா எல்லாவற்றையும் நடித்தே காட்டினார், என் ஓட்டம் உட்பட. அன்று முதல் அக்காவும் என் மனைவியும் ஒரு கட்சி. அக்கா இருந்தவரை கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒரு சேலை தவறாமல் போனது.

இன்றும் ஜவுளிக்கடைக்குப் போனால், என் மனைவி தனக்கு எடுத்து முடித்த பிறகு கடைக்காரப் பையனிடம் சொல்லுவாள்:

"தம்பி, அந்தச் செவப்பையும் எடும். இவுஹளுக்கு!"

அவன் முழிப்பான். நான் மட்டும் அதைக் கையில் வாங்கித் தொட்டுப் பார்த்து, நல்ல சேலைதான் என்பேன்.